பாதிரிமார் பள்ளிக்கூடமும் மாதாகோவில் சுவரும்

(கள்ளக்குறிச்சியில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



எனக்கு முன் பேசிய தோழர்கள் இருவரும் ஒரே விஷயத்தைப் பற்றி ஒன்றுக்கொன்று நேர் விரோதமான இரண்டு அபிப்பிராயங்களைச் சொல்லி என்னைச் சங்கடத்தில் மாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். முதலில் பேசிய பெரியவர், "பாதிரிமார் வந்து பள்ளிக்கூடம் வைத்திராவிட்டால் நம்மில் பாதிப்பேருக்கு இன்றைக்கும் கைநாட்டுத்தான், ஆகையால் அந்தப் பள்ளிக்கூடத்தின் வாசற்படியை நாம் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்" என்றார். அடுத்துப் பேசிய வாலிபர் தானே ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அவர், "அதே பள்ளிக்கூடத்தில் படித்துப் பத்திரிகை வாசிக்கத் தெரிந்த என் தகப்பனார் இறந்த அன்று, அவர் பிணம் ஊர்த்தெரு வழியாகப் போகக் கூடாது என்று சொன்னவர்களும் அதே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான். இந்தப் படிப்பால் யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்டார். எந்த ஊர் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கப் போவதில்லை. நம் நாட்டில் அதற்கு ஓர் ஊர்ப்பெயர் வேண்டியதில்லை.

பெரியவர் சொன்னது பொய் என்று நான் சொல்ல முடியாது. வாலிபர் சொன்னதையும் பொய் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. இரண்டும் மெய்யாயிருப்பது எப்படி என்பதைத்தான் இன்று நாம் யோசிக்க வேண்டும். நான் பெரிய படிப்பாளி அல்ல. வாசகசாலையிலும் பழைய புத்தகக் கடையிலும் பொறுக்கித் தெரிந்துகொண்டதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன். என் வார்த்தையை அப்படியே நம்பிவிடாதீர்கள். உங்கள் அறிவைக் கொண்டு நிறுத்துப் பார்த்து, சரி என்று பட்டதை வைத்துக்கொள்ளுங்கள்; மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

முதலாவது, பாதிரிமார் பள்ளிக்கூடம் வருவதற்கு முன் நம் நாட்டில் படிப்பே இல்லை என்று சொல்லுவது சரியல்ல. சென்னை கவர்னராயிருந்த தாமஸ் மன்றோ 1822-இல் ஜில்லா தோறும் கணக்கெடுக்கச் சொல்லி, 1826-இல் அதைத் தொகுத்து எழுதினார். சென்னை ராஜதானி முழுவதிலும் 12,498 பள்ளிக்கூடங்கள். அவற்றில் படித்த பிள்ளைகள் 1,88,650 பேர். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலிலே விரலால் எழுதி, ஓலையிலே எழுத்தாணி பிடித்துப் படித்தவர்களில் பார்ப்பனரல்லாத பிள்ளைகள் ஏராளம். இதை எடுத்துக்காட்டி, "பார்த்தீர்களா, நமது பழைய நாட்டின் பெருமையை!" என்று புத்தகம் எழுதுகின்றவர்களும் உண்டு. நல்லது. ஆனால், அந்தக் கணக்கிலேயே இன்னொரு கணக்கும் இருக்கின்றது. அந்த 1,88,650 பேரில் ஆண் பிள்ளைகள் 1,84,110. பெண் பிள்ளைகள் 4,540. நூற்றுக்கு மூன்று பெண்கள்கூட இல்லை. வீட்டிலே படித்தவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை என்று மன்றோவே சொல்லியிருக்கிறார். இருக்கட்டும். திண்ணை யாருடையது? ஊர்த்தெருவில் இருந்த வீட்டின் திண்ணை. ஊர்த்தெருவிலே கால் வைக்கக் கூடாது என்று ஒதுக்கப்பட்டவனுடைய பிள்ளை அந்தத் திண்ணையில் எப்படி ஏறியிருக்க முடியும்? ஆகவே, பழைய படிப்பில் இரண்டு பேருக்கு இடமில்லை: ஒன்று பெண், மற்றொன்று சேரி. இந்த இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்துக்குள் எவன் அழைக்கிறானோ அவனைத்தான் கல்வி கொடுத்தவன் என்று சொல்லலாம். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு பாதிரிமாரை அளந்து பார்ப்போம்.

அதற்கு நாம் புதுச்சேரிக்குப் போக வேண்டும். ஏனெனில், நமது கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகள் எல்லாம் இன்றும் புதுச்சேரி-கடலூர் உயர்மறை மாவட்டம் என்பதைச் சேர்ந்தவைதான். பள்ளிக்கூடம் வைக்கும் வழக்கமும் அங்கிருந்து வந்தது. ஜாதி வழக்கமும் அங்கே நன்றாக உரமேறியதுதான்.

பள்ளிக்கூடத்தின் கதைக்கு முன் கோவிலின் கதையைச் சொல்ல வேண்டும். 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் நொபிலி என்ற ஏசுசபைப் பாதிரியார், மேல்ஜாதியாரைக் கிறிஸ்தவராக்க வேண்டுமென்று காவி கட்டி, மரக்கறி உண்டு, சமஸ்கிருதம் படித்து, சந்நியாசியைப் போல வாழ்ந்தார். மேல்ஜாதியாருக்கு ஒரு பாதிரி. தாழ்த்தப்பட்டவர்களுக்குப் பண்டாரசாமி என்று வேறொரு வகைப் பாதிரி. இது 1640 வாக்கில் ஏற்பட்ட ஏற்பாடு. 'எல்லோரும் ஒரே தகப்பன் பிள்ளைகள்' என்று சொல்ல வந்தவர்கள், தகப்பனுக்கே இரண்டு வேஷம் போட்டுவிட்டார்கள்!

பிறகு 1704-இல் போப்பின் பிரதிநிதியாக வந்த தூர்னோன் என்பவர் புதுச்சேரியில் ஓர் உத்தரவு போட்டார். தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவன் நோயாய்க் கிடந்தால் பாதிரியார் அவன் வீட்டுக்குள்ளேயே சென்று சடங்கு செய்ய வேண்டும் என்பது அதில் ஒரு விதி. யோசித்துப் பாருங்கள், தோழர்களே! சாகிறவன் வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்று சொல்லுவதற்கு ரோமாபுரியிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது. அதையும் ஏற்காமல் நாற்பது வருஷம் வழக்காடினார்கள். 1744-இல் பதினாலாம் ஆசீர்வாதப்பர் என்ற போப் அந்த உத்தரவை உறுதி செய்தார். ஆனாலும் தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று தனிப் பாதிரிமாரை ஏற்படுத்திக்கொள்ளும் ஏற்பாட்டுக்கும் இடம் கொடுத்தார். ஒரு கையால் கதவைத் திறந்து, மறு கையால் பின்கட்டுக்கு வழி காட்டிய கதைதான் இது.

அடுத்த வருஷம் 1745-இல் நடந்ததை, துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் தினசரியிலே எழுதி வைத்திருக்கிறார். புதுச்சேரி மாதாகோவிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்கள் ஒரு பக்கம், ஜாதிக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம் என்று நடுவே ஒரு சுவர் இருந்தது. தாழ்த்தப்பட்டவர்கள் பெரிய பாதிரியாரிடம் சென்று, 'நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே, இந்தச் சுவர் எதற்கு?' என்று நியாயம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. உடனே ஜாதிக் கிறிஸ்தவர்கள் ஆத்திரங்கொண்டு கூடிக் கலகம் செய்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை கிறிஸ்தவர் அல்ல, வைஷ்ணவர். அவருக்கு இதில் ஒரு பக்கமும் சாய வேண்டிய அவசியமில்லை. ஆகவே அவர் எழுதியதை நாம் நம்பலாம்.

இந்தச் சம்பவத்தில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. சுவரை இடிக்கும்படி முதலில் கேட்டவர்கள் எழுத்தறிந்தவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் பெருகுவதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே அவர்களுக்கு மானம் இருந்தது. மானம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடம் அல்ல. அது மனிதனோடு பிறந்தது. பள்ளிக்கூடம் செய்யக்கூடியதெல்லாம், அந்த மானத்துக்கு ஒரு பேனாவும் ஒரு மனுவும் கொடுப்பதுதான்.

இனி பள்ளிக்கூடத்துக்கு வருவோம். ஏசுசபையை 1773-இல் போப்பே கலைத்துவிட்டார். பிறகு 1776-இல் பாரீஸ் வேதபோதக சபையார் அந்தப் பொறுப்பை ஏற்றார்கள். அடுத்த அறுபது எழுபது வருஷ காலம் பள்ளிக்கூடம் என்பது பெயரளவில்தான். இதற்கிடையில் புரொடஸ்டன்ட் பாதிரிமார் முன்னே போய்விட்டார்கள். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1707-லேயே பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்தவர். சென்னையிலும் திருநெல்வேலியிலும் அவர்கள் பள்ளிக்கூடங்கள் பெருகின. போட்டி இல்லாத கடைக்காரன் கடையைப் பெருக்கிக் கோலம் போட மாட்டான். எதிரே இன்னொரு கடை வந்தால்தான் படியைக் கழுவுவான். கத்தோலிக்க சபைக்கும் அப்படித்தான் விழிப்பு வந்தது.

1844-ஆம் வருஷத் தொடக்கத்தில் பொன்னான் என்ற பிஷப்பின் தலைமையில் பாதிரிமார்கள் புதுச்சேரியில் ஒரு மகாநாடு கூடினார்கள். இந்நாட்டவர்களையே குருமார்களாகத் தயார் செய்ய வேண்டும். அதற்கும் ஜனங்களின் அறிவுக்கும் ஆண் பெண் இருபாலாருக்கும் பள்ளிக்கூடங்கள் வைக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அந்த வருஷத்திலேயே 'பெத்தி செமினேர்' என்று இன்றும் புதுச்சேரியில் எல்லோரும் சொல்லுகிற பள்ளிக்கூடம் ஏற்பட்டது. அந்தப் பெயருக்குச் சிறிய குருமடம் என்று அர்த்தம். குருக்களைத் தயாரிக்க வைத்த பெயரைத் தாங்கிக்கொண்டு, அந்தப் பள்ளிக்கூடம் நாளடைவில் குமாஸ்தாக்களையும் வக்கீல்களையும் டாக்டர்களையும் தயாரித்து அனுப்பியது. வைத்தவன் நினைத்தது ஒன்று, எழுத்து செய்த வேலை வேறொன்று. எழுத்துக்கு அந்தச் சுபாவம் உண்டு. ஜெபப்புத்தகம் வாசிக்கக் கற்றுக் கொடுத்தால், அவன் அடுத்த நாள் பத்திரிகையும் வாசிப்பான். மூன்றாம் நாள் நமது கூட்டத்துக்கும் வருவான்!

அதே 1844 அக்டோபர் மாதத்தில் துப்புய் என்ற பாதிரியார், பெண்களுக்குக் கல்வி கொடுப்பதற்கென்றே நம் நாட்டுப் பெண்களைக்கொண்டு ஒரு கன்னியர் சபையை ஏற்படுத்தினார். இந்தத் துப்புய் பாதிரியார் சாதாரண ஆள் அல்ல. மிஷன் அச்சுக்கூடத்தை நடத்தித் தமிழ்ப் புத்தகங்களை அச்சிட்டவர். மூசே என்ற இன்னொரு பாதிரியாருடன் சேர்ந்து 1855-லும் 1862-லும் இரண்டு பாகங்களாகத் தமிழ்-பிரெஞ்சு அகராதியை வெளியிட்டவர். அவருக்கு ஏற்பட்ட இடைஞ்சல் என்னவென்று நினைக்கிறீர்கள்? 'பெண் எழுத்துப் படித்தால் தாசி என்று சொல்லுவார்களே' என்பதுதான். அந்தக் காலத்தில் கோவிலிலே பொட்டுக் கட்டிய பெண்களுக்குத்தான் எழுத்தும் பாட்டும் கற்றுக் கொடுப்பார்கள். குடும்பப் பெண் படித்தால் மானக்கேடு என்பது நமது சமுதாயத்தின் எண்ணம். தோழர்களே, இதன் அர்த்தத்தைச் சற்று யோசியுங்கள். பெண்ணின் படிப்பைக் கோவிலிலே விபசாரத்தோடு கட்டிப்போட்டு வைத்துவிட்டு, பிறகு 'படித்த பெண் கெட்டவள்' என்று சொன்னது நமது தர்மம். அந்தக் கட்டை அவிழ்க்க ஒரு வெள்ளைக்காரப் பாதிரியும், பெயர்கூட நமக்குத் தெரியாத சில தமிழ்ப் பெண்களும் வேண்டியிருந்தது. ஊரார் ஏச்சைப் பொறுத்துக்கொண்டு, கையிலே பலகையை எடுத்துக்கொண்டு, வகுப்பறைக்குள் நுழைந்த அந்தப் பெண்களுக்கு, அவர்களுடைய மதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும், இந்த மேடையிலிருந்து என் வணக்கத்தைச் சொல்லிக்கொள்ளுகிறேன்.

எனவே முதல் தோழர் சொன்னதில் உண்மை இருக்கிறது. இரண்டாவது தோழர் கேட்ட கேள்விக்கு இனி வருகிறேன். இவ்வளவும் செய்த பள்ளிக்கூடம், பிணம் போகும் வழியை ஏன் திறக்கவில்லை?

காரணம் இதுதான். பள்ளிக்கூடத்தை நடத்தினவர்கள் ஜாதியைப் பாவம் என்று நினைக்கவில்லை. நாட்டு வழக்கம் என்று நினைத்தார்கள். பாவம் என்று நினைத்திருந்தால் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டிருப்பார்கள். வழக்கம் என்று நினைத்ததால் அதற்குப் பெஞ்சு போட்டுக் கொடுத்தார்கள். மேல்ஜாதிக்காரன் போய்விட்டால் கோவிலுக்கு வரும்படி போய்விடும், பள்ளிக்கூடத்துக்குப் பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளை வராது என்ற பயம் அவர்களுக்கு. இந்தப் பயம் நியாயமானதா என்று பார்ப்போம்.

புரொடஸ்டன்ட் சபையில் வில்சன் என்ற பிஷப் 1833-இல், 'சபைக்குள்ளே ஜாதி வித்தியாசம் அடியோடு ஒழிய வேண்டும்' என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் மேல்ஜாதிக் கிறிஸ்தவர்கள் பெரும் கூச்சல் போட்டார்கள், பலர் விலகினார்கள். அந்தச் சபை அழிந்தா போய்விட்டது? சென்னையில் 1837-இல் பள்ளிக்கூடம் தொடங்கிய ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்டர்சன், தாழ்த்தப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார் என்று தெரிந்ததும் மேல்ஜாதிப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். ஆண்டர்சன் 'அந்தப் பிள்ளைகளை வெளியே அனுப்ப மாட்டேன்' என்று உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச காலத்தில் போன பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். அந்தப் பள்ளிக்கூடந்தான் பின்னால் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஆயிற்று. இதிலிருந்து என்ன தெரிகிறது? ஜாதித்திமிருக்குப் படிப்பின் மேல் ஆசை அதிகம். நிர்வாகி உறுதியாய் நின்றால் ஜாதித்திமிர் வாலைச் சுருட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்து சேரும். நிர்வாகி வளைந்தால் அது அவன் முதுகின்மேல் ஏறி உட்காரும்.

வளைந்தால் எவ்வளவு தூரம் வளைய வேண்டியிருக்கும் என்பதற்குத் திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளம் ஒன்றே போதும். அங்கே 1872-இல் கட்டிய மாதாகோவிலைக் கால்சட்டையைப் போல இரண்டு கிளையாகக் கட்டினார்கள். வேளாளக் கிறிஸ்தவர்கள் ஒரு கிளையில், நாடார் முதலான மற்றவர்கள் மறு கிளையில். பீடம் மாத்திரம் பொது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. கடவுளைப் பார்க்கலாம், பக்கத்து வீட்டுக்காரனைப் பார்க்கக் கூடாது! 1910 வாக்கில் பாதிரிமார் நடுச்சுவரை இடித்தார்கள். வேளாளக் கிறிஸ்தவர்கள் பிஷப்பின் மேலேயே வழக்குத் தொடர்ந்து, சென்னை ஐகோர்ட்டு வரைக்கும் சென்று தோற்றார்கள். ஜாதியைக் காப்பாற்றக் கோர்ட்டுக்குப் போனவர்கள் யார்? படித்தவர்கள். பிராது எழுதவும் வக்கீலை அமர்த்தவும் தெரிந்தவர்கள். இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். படிப்பு ஒரு கத்தியைப் போன்றது. யார் கையில், எந்த நோக்கத்தோடு இருக்கிறதோ அதற்கு வேலை செய்யும். ஜாதியை உள்ளே வைத்துக்கொண்டு கொடுத்த படிப்பு, ஜாதிக்கும் வக்காலத்து வாங்கும்.

இந்த வெட்கக்கேட்டை 1930-களிலேயே நமது இயக்கத்தார் மேடை மேடையாகக் கண்டித்தார்கள். அப்போது சிலர், 'உங்களுக்கென்ன, கிறிஸ்தவர் வீட்டு விவகாரத்தில்?' என்று கேட்டார்கள். ஜாதி என்ற கொள்ளிக்கட்டை கூரைக்குக் கூரை தாவுவது. பக்கத்து வீடு எரியும்போது அது யார் வீடு என்று கேட்டுக்கொண்டிருக்க நமக்கு நேரம் இல்லை.

இனி, தூரத்துக் கதையை விட்டு நமது வாசலுக்கு வருவோம். இதே ஜில்லாவைச் சேர்ந்த எறையூரை உங்களில் தெரியாதவர் யாருமில்லை. 2008-இல் அது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. 2019-இல்தான் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிற்று. அவ்வூர்த் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள், கோவிலிலும் சவ ஊர்வலத்திலும் தங்களுக்குச் சம உரிமை இல்லை, ஆகையால் எங்களுக்குத் தனிப் பங்கு கொடுத்துவிடுங்கள் என்று கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். சமத்துவம் கிடைக்காது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மனிதன் தனிக்கோவில் கேட்பான். அந்தக் கோரிக்கையையும் வன்னியக் கிறிஸ்தவர்களில் பலருக்குப் பொறுக்க முடியவில்லை. 2008 மார்ச்சு 9-ஆம் தேதி கலகம் மூண்டது, வீடுகள் தாக்கப்பட்டன, போலீஸார் சுட்டார்கள், இரண்டு பேர் மாண்டார்கள். மாண்டவர்கள் இருவரும் வன்னியர்கள். அவர்கள் சாவுக்கும் நான் வருந்துகிறேன். ஜாதி மேலே இருக்கிறவனைக் காப்பாற்றும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களே, அது அவனையும் தெருவிலே சாகவிட்டு வேடிக்கை பார்க்கும் என்பதற்கு அந்த இரண்டு பிணங்களும் சாட்சி.

அந்தக் கலகத்தில் இரண்டு பக்கத்திலும் நின்றவர்கள் ஒரே ஜெபத்தைச் சொல்லுகிறவர்கள். ஒரே பிஷப்புக்கு உட்பட்டவர்கள். 1745-இல் புதுச்சேரியில் இடித்த சுவர் 263 வருஷம் கழித்து எறையூரில் எழுந்து நின்றது என்றால், அந்தச் சுவர் செங்கல்லால் கட்டியதல்ல என்று தெரிகிறதா இல்லையா? செங்கல் சுவரைக் கடப்பாரையால் இடிக்கலாம். மனத்திலுள்ள சுவரைப் பள்ளிக்கூடத்தில்தான் இடிக்க முடியும். அங்கே இடிக்கவில்லை என்பதுதான் நமது புகார்.

நான் வெறும் குற்றம் சாட்டுகிறேன் என்று கத்தோலிக்கத் தோழர்கள் கோபிக்க வேண்டாம். 2016-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர்களே தலித் மக்களின் முன்னேற்றத்துக்கென்று ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு, அது பாவம் என்றும் சொல்லிவிட்டார்கள். 2022-இல் ஐதராபாத் பேராயர் பூலா அந்தோணி என்பவர் கர்தினாலானார். தலித் சமூகத்திலிருந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் மனிதர் அவர். 1606-இலிருந்து கணக்குப் பார்த்தால் 416 வருஷம்! இப்போதாவது ஆயிற்றே என்று சந்தோஷப்படலாம். ஆனால் உச்சியிலே ஒரு தொப்பி மாறினதால், ஊரிலே பிணம் போகிற வழி தானாகத் திறந்துவிடாது.

சர்க்காரின் நியாயமும் விசித்திரமாயிருக்கின்றது. 1950-இல் குடியரசுத் தலைவர் போட்ட உத்தரவுப்படி தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இந்துக்களுக்கு மாத்திரந்தான் இடம். பிறகு 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவனானவனைச் சேர்க்கவில்லை. நமது மாநிலத்தில் அவனைப் பிற்படுத்தப்பட்டோர் கணக்கில் வைத்திருக்கிறார்கள். சர்க்கார் சொல்லுகிறது: 'நீ கிறிஸ்தவன், உனக்கு ஜாதி இல்லை.' பங்கு சொல்லுகிறது: 'நீ சேரிக்காரன், உனக்கு வேறு கல்லறை.' சலுகை கேட்டால் ஜாதி இல்லை. சவக்குழி கேட்டால் ஜாதி உண்டு! இதைவிட மோசடி வேறென்ன வேண்டும்?

இதைக் கேட்டு இந்துத் தோழர்கள் சிரித்தீர்கள். சிரிக்க உங்களுக்கு யோக்கியதை இல்லை. கிறிஸ்தவனிடமுள்ள ஜாதி ரோமாபுரியில் விளைந்த சரக்கா? நம் வீட்டிலிருந்து கொண்டுபோன சீதனம் அது. பாதிரி 300 வருஷத்துக்குப் பிறகாவது சுவரை இடிக்க உத்தரவு போட்டான். நமது கோவிலுக்குள்ளே தாழ்த்தப்பட்டவர் நுழையச் சென்னைச் சட்டசபை 1947-இல் ஒரு சட்டமே செய்ய வேண்டியிருந்தது. மேலும், பாதிரி பள்ளிக்கூடத்தில் மாத்திரந்தான் ஜாதியா? 2023-இல் நாங்குநேரியில் தாழ்த்தப்பட்ட மாணவன் ஒருவனை உடன்படித்த பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதன் பேரில் சர்க்கார் நியமித்த நீதிபதி சந்துரு அவர்களின் குழு, 2024 ஜூன் மாதம் அறிக்கை கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் ஜாதியைக் காட்டும் கைக்கயிறு கூடாது. பள்ளிக்கூடங்களின் பெயரில் ஜாதிப்பெயர் கூடாது. பிள்ளைகளை அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் சொல்லியிருக்கிறார்கள். அகரவரிசை! கோடிக்கணக்கில் செலவழித்து ராக்கெட்டு விடுகிற நாட்டில், பிள்ளைகளை எந்தப் பெஞ்சில் உட்கார வைப்பது என்று ஒரு ஐகோர்ட்டு நீதிபதி உட்கார்ந்து யோசித்து எழுத வேண்டியிருக்கின்றது. இது அவருக்கு வெட்கமில்லை, நமக்குத்தான் வெட்கம்.

சரி, என்ன செய்யலாம்? 'பாதிரி பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பாதே' என்று நான் சொல்ல மாட்டேன். எந்தப் பள்ளிக்கூடமானாலும் அனுப்புங்கள். நமக்குப் பக்கத்திலே கல்வராயன் மலை இருக்கின்றது. அங்கே 1976 வரையில் ஜாகீர்தார்கள் ஆட்சி. மலையாளி மக்கள் தங்கள் மலையிலேயே அவர்களுக்கு வெட்டியாக உழைத்துக் கிடந்தார்கள். இன்று அந்த மலையில் சர்க்கார் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. மலையிலிருந்து இறங்கி வரும் ஒரு பெண் குழந்தைக்குப் பள்ளிக்கூடத்தை வைத்தவன் பாதிரியா, சர்க்காரா என்ற விசாரம் முக்கியமல்ல. கதவு திறந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம். அனுப்புங்கள். ஆனால், அனுப்பிவிட்டு வாசற்படியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிற்காதீர்கள். உள்ளே போய் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று: என் பிள்ளை எங்கே உட்காருகிறான்? யார் பக்கத்தில் உட்காருகிறான்? தண்ணீர் குடிக்கிற இடமும், சோறு தின்கிற இடமும், கக்கூஸ் கழுவுகிற வேலையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுதானா?

இரண்டு: ஆசிரியர்கள் யார்? உதவிபெறும் பள்ளிக்கூடத்தில் ஆசிரியரை நியமிப்பது நிர்வாகம். சம்பளம் கொடுப்பது சர்க்கார், அதாவது உங்கள் வரிப்பணம். உங்கள் பணத்தில் சம்பளம் வாங்குகிற இடத்தில் உங்கள் தெருவில் படித்த பிள்ளைக்கு ஓர் இடமாவது இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மூன்று: ஏழைக்கு எத்தனை இடம்? 2009-இல் வந்த கட்டாயக் கல்விச் சட்டம் தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு நூற்றுக்கு 25 இடம் என்றது. 2014-இல் சுப்ரீம் கோர்ட்டு, அந்தச் சட்டம் சிறுபான்மையோர் பள்ளிகளுக்குச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டால் என்ன? ஏழைகளுக்காகவே வந்தோம் என்று சொல்லுகிறவர்கள், சட்டம் சொல்லாமலே 25-க்கு 50 கொடுக்கலாமே! கொடுக்கிற பள்ளிக்கூடத்தைப் புகழுங்கள். கொடுக்காததைக் கேளுங்கள்.

கடைசியாக, என்னைக் கேள்வி கேட்ட வாலிபத் தோழருக்கு ஒரு வார்த்தை. 'படித்து என்ன லாபம்?' என்று கேட்டீர்கள். உங்கள் தகப்பனார் படித்திராவிட்டால், அந்த வழி மறுக்கப்பட்டதை விதி என்று நினைத்துக்கொண்டு நீங்கள் சும்மா இருந்திருப்பீர்கள். அவர் படித்தார், பத்திரிகை வாசித்தார், அதை உங்கள் காதில் படும்படி வாசித்தார். ஆகையால் நீங்கள் இன்று இந்த மேடையில் ஏறி, ஆயிரம் பேர் முன்னே அது அநியாயம் என்று சொன்னீர்கள். 1745-இல் புதுச்சேரியில் சுவரை இடிக்கச் சொன்னவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. அதை எழுதி வைத்தவர் வேறொருவர். இனிமேல் உங்கள் கதையை நீங்களே எழுதலாம். அந்தப் பள்ளிக்கூடம் உங்களுக்குக் கொடுத்தது அவ்வளவுதான். ஆனால் அது போதும். மீதியை நாம் செய்ய வேண்டும்.

உங்கள் ஊருக்கு மறுபடியும் ஒரு சாவு வருவதற்கு முன், உங்களோடு ஒரே பெஞ்சில் படித்த ஊர்த்தெரு நண்பர்கள் நாலு பேரைத் தேடுங்கள். பாடையின் முன்கொம்பை அவர்கள் தோளில் கொடுத்து ஊர்த்தெரு வழியாக நடங்கள். அன்றைக்குத்தான் அந்தப் பள்ளிக்கூடம் தேறியது என்று நான் ஒப்புக்கொள்ளுவேன். அந்த நாலு பேர் இந்தக் கூட்டத்திலேயே இருந்தால், கூட்டம் முடிந்ததும் இவரைப் பார்த்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.